மிஞ்சிய பொரி

அன்று எறும்புப் புற்றில் பட்ஜெட் கூட்டம். வாசலை அகலப்படுத்தப் பொரி போதவில்லை.

"அக்கம்பக்கத்துப் புற்றோட சேர்ந்து மழைக்காவல் சங்கத்துக்கு வருஷாவருஷம் பொரி அளக்கிறோம். பனை உச்சியில ஒருத்தர் உட்கார்ந்து மேகம் பார்க்கறதுக்கு இவ்வளவு எதுக்கு? மூணு வருஷமா மழையே இல்ல. விலகிடுவோம்" என்றார் தலைவர்.

எல்லோரும் மீசையால் தரையைத் தட்டி ஆமோதித்தார்கள். விலக வேண்டாமே என்று நினைத்த ஒரு சிற்றெறும்பும் சேர்ந்து தட்டியது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அந்த அகலமான வாசல் வழியாகவே வெள்ளம் உள்ளே வந்தது. முட்டைகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சிய பொரி ஒன்றைப் பற்றிக்கொண்டு தலைவர் மிதந்தார்.

மேட்டில் பக்கத்துப் புற்று எறும்புகள் முட்டைகளோடு பத்திரமாக நின்றிருந்தன.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் தலைவர்.

"நேத்தே தகவல் வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் கிளம்பினேன்" என்றது அங்கிருந்த ஓர் எறும்பு. "சந்தா கட்டாத புற்றுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குன்னு தடுத்துட்டாங்க."

"யார் போட்ட விதி அது?"

எறும்பு தயங்கியது. "சங்கத்துல இருந்தப்போ நீங்க கொண்டுவந்ததுதான், தலைவரே."

தலைவர் பொரியை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். பொரி மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.