பழசு எங்கே?

"பழைய பம்ப் எங்கே?"

டிராக்டரை ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தி, இறங்குவதற்கு முன்பே கேட்டார் அவர். மட்கார்டில் உட்கார்ந்து வந்த மனைவி, தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினாள்.

மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும்தான் தெரிந்தது. "வாங்கண்ணே. வாங்க அண்ணி. கலப்பையைத் தூக்குதா?"

"அதெல்லாம் ஜோராத் தூக்குது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஊரில் அவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். நட்டு போல்ட்கூடக் கம்பெனி சாமானாக இருக்க வேண்டும். போன வருஷம் வேறொரு பட்டறையில், கலப்பையைத் தூக்கி இறக்கும் இதே ஹைட்ராலிக் பம்பை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். நட்டநடு வயலில் கலப்பை தொப்பென்று இறங்கி, அடுத்த வயல்காரன் வந்து வண்டியைக் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, செத்தாலும் ஒட்டுச்சாமான் வேண்டாம் என்று சபதம்.

இந்த முறை பம்ப் அடியோடு படுத்ததும் கம்பெனிக் கடைக்கு ஓடினார். அந்த மாடலே நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறதாம். எங்கிருந்தோ வரவழைக்க வேண்டுமாம். அவர்கள் சொன்ன விலைக்குப் பாதி டிராக்டரே வாங்கிவிடலாம்.

மண்ணில் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த நேரத்தில்தான் மெக்கானிக், "ஒரு பீஸ் இருக்கு, போட்டுத் தர்றேன். இப்ப கூலி மட்டும் கொடுங்க, மத்ததைப் பிறகு பேசிக்கலாம்" என்றான்.

உழவு முடிந்துவிட்டது. அந்தப் 'பிறகு' வந்தபாடில்லை. விலை பெரிதாக இருந்தால் வண்டியை விற்றுத்தான் அடைக்க வேண்டும். புரோக்கரிடம் ஒரு வார்த்தை போட்டும் வைத்திருந்தார்.

"எப்பக் கேட்டாலும் விலையைச் சொல்ல மாட்டேங்கற. பழசையும் கண்ணுல காட்ட மாட்டேங்கற. புதுசு போட்டா, பழசைக் காகிதத்துல சுத்திக் கையில கொடுக்கறதுதானே பட்டறை முறை?"

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "பழசை வச்சு என்ன பண்ணப் போறீங்க? அண்ணி தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"பேச்சை மாத்தாதே. எங்கே அது?"

"இரும்புக்கடைக்குப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"தப்புதாண்ணே. கிடைச்ச காசை வேணும்னா தந்துடறேன்."

"அடுத்தவன் சாமானைக் கேக்காம வித்தா அதுக்குப் பேரு என்ன? திருட்டு!"

"ஏங்க! நாக்கை அடக்கிப் பேசுங்க. அவசரத்துக்குக் கைகொடுத்த பிள்ளை" என்றாள் மனைவி.

"விடுங்க அண்ணி. சொல்லிட்டுப் போகட்டும்." மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

அந்தப் பணிவுதான் அவரை இன்னும் கிளறிவிட்டது. திருடன் என்று சொன்னதையே விழுங்கிக்கொள்கிறான் என்றால், மறைத்து வைத்திருக்கும் விலை எவ்வளவு இருக்கும்! மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் புரியாம இல்லை. அறுவடை வரைக்கும் விட்டுப் பிடிச்சு, மொத்தமா என் தலையில கட்டப் பார்க்கறான். கடன்காரனா இருந்து உழ வேண்டாம். வண்டியே வேண்டாம்."

போனை எடுத்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி போய்விட்டால், ஒவ்வொரு உழவுக்கும் எவன் வாசலிலாவது வாடகைக்குக் காத்து நிற்க வேண்டும்.

"ஆமாங்க, நான்தான். வண்டியைத் தர்றேன், வந்து ஓட்டிட்டுப் போங்க... பம்பா? புதுசு. கம்பெனி பம்ப். சத்தத்தை வச்சே சொல்லிடுவேனே, நம்மகிட்ட ஒட்டுச்சாமான் நடக்குமா? பூ மாதிரி தூக்குது..."

"அண்ணே, அப்படிச் சொல்லி விக்காதீங்க." மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தான். "வாங்கறவன் நாளைக்கு உங்க சட்டையைப் பிடிப்பான். அது உங்க பழைய பம்ப்தான்."

போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"கழட்டிப் பார்த்தேன். உள்ளே புஷ் தேஞ்சிருந்தது, சீல் போயிருந்தது. பெரிசா வேற ஒண்ணும் இல்லை. லேத்துல புது புஷ் கடைஞ்சு, சீலை மாத்தி, மேலே பெயின்ட் அடிச்சு விட்டேன். அந்தச் செலவும் நீங்க கொடுத்த கூலியிலேயே அடக்கம். இனிமே தர வேண்டியது ஒண்ணும் இல்லை."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா மாட்ட விட்டிருப்பீங்களா? புதுப் பம்புக்கு வழியில்லாம வண்டியையே வித்திருப்பீங்க."

மனைவிதான் முதலில் சிரித்தாள். "பூ மாதிரி தூக்குதாமே!"

அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "தம்பி, திருட்டுன்னு ஒரு வார்த்தை..."

"விடுங்கண்ணே. பம்பை எடுத்திருந்தாத்தானே எனக்கு வலிக்கும்."

போனுக்குள் புரோக்கர் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! ஹலோ! எப்ப வரட்டும்?"

"வர வேண்டாங்க. வண்டியைக் கொடுக்கறதா இல்லை."

"இப்பத்தானே தர்றேன்னீங்க! அதுக்குள்ள என்ன ஆச்சு?"

"பம்ப் பழசுங்க" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.