நாற்பத்தொன்றாவது பாடம்

"உயிருள்ள குழந்தையா?"

செயலாளர் காசிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆமாங்க ஐயா" என்றாள் தலைமை நர்ஸ் அமிர்தவள்ளி.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. 1928-இல் அங்கே நர்ஸ் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். ஆறு பெண்கள் சேர்ந்து, விடுதிக்கும் வந்தாயிற்று. பாடத்திட்டம் அன்று சாயங்கால ரயிலில் மதராசுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஆறு பேருக்கும் ஒரு வருஷம் வீண்.

கமிட்டியில் மூன்று பேர். டாக்டரம்மா ஏலகிரி மலைக்குப் போயிருந்தார். மிச்சம் இரண்டு பேர்: காசிநாதனும், தோல் மண்டி ஹபீப் சாயபுவும்.

நாற்பது பாடங்களுக்கு இருவரும் தலையாட்டிவிட்டார்கள். நாற்பத்தொன்றில் வண்டி நின்றுவிட்டது.

காசிநாதன் சத்தமாகப் படித்தார். "குழந்தை வளர்ப்பு. கைக்குழந்தை ஒன்று காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வகுப்பில் இருக்கும். குளிப்பாட்டுதல், பாலூட்டுதல், தூங்க வைத்தல். பன்னிரண்டு மாதம். அதே குழந்தை."

"இது என்ன, ஆஸ்பத்திரிச் சாமானா?" என்றார் தாளை இறக்கி. "மதராசுல கட்டைப் பொம்மை வெச்சுக் கத்துக்குடுக்கிறாங்க. நமக்கும் ஒண்ணு செய்யச் சொன்னா ஆச்சு."

"பொம்மைக்கு மாந்தம் வராதுங்க. புரையேறாது. கையில நெளிஞ்சு நழுவாது. நிஜக் குழந்தையைத் தூக்குறப்போ இந்தப் பொண்ணுங்க கை நடுங்கும்."

ஹபீப் சாயபு தாடியைத் தடவினார். "எங்க கிட்ட வேலைக்குப் புதுசா வர்றவனுக்கு முதல்ல ஓட்டைத் தோல்தான் குடுப்போம். அதை அறுத்துக் கத்துக்கட்டும்னு. நல்ல தோல்ல கை வைக்க விட மாட்டோம். நீங்க எடுத்த எடுப்புல நல்ல தோலையே குடுக்கிறீங்களே நர்ஸம்மா!"

"குழந்தையில ஓட்டைக் குழந்தை ஏதுங்க பாய்? அதனாலதான் பக்கத்துல நான் நிக்கிறேன்னு எழுதியிருக்கேன்."

சாயபு சிரித்துவிட்டார். காசிநாதன் சிரிக்கவில்லை.

"சரி, அதே குழந்தை எதுக்கு? வார்டுலதான் தினம் ரெண்டு பொறக்குதே."

"வார்டுக் குழந்தை பத்தாம் நாள் வீட்டுக்குப் போயிடுது. கழுத்து நிக்கிறது எப்போ, குப்புற விழறது எப்போ, பல்லு முளைக்கிறப்போ வயித்தால போனா என்ன பண்றது, இதெல்லாம் இவங்க எப்போ பார்க்கிறது? ஒரே குழந்தையைக் கூடவே இருந்து பார்த்தாத்தான் தெரியும்."

"எந்தத் தாய் குடுப்பா?"

"அது என் பொறுப்புங்க."

"நான் ஒத்துக்கலைன்னா?"

அமிர்தவள்ளி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பதினாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இந்தப் பாடம் இல்லேன்னா நாளையிலிருந்து நான் இல்லீங்க."

"பிடிவாதத்தைப் பார்த்தீங்களா சாயபு?"

"எதுக்குங்க பேஜார்? எனக்கு ஏழு பசங்க. ஒருத்தனைக்கூட நான் குளிப்பாட்டினதில்ல. எனக்கு இன்னா தெரியும்?" சாயபு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

காசிநாதனும் போட்டார். போடும்போதே சொன்னார்: "ஊரான் பிள்ளையை வெச்சுக் கை பழகுறது பாவம். தாயோட சம்மதம் எழுத்துல இருக்கணும். பத்து நாள்ல வந்து பார்ப்பேன். இல்லேன்னா இந்தப் பாடத்தை அடிச்சிடுவேன்."

பத்தாம் நாள், சொன்னபடி வந்தார்.

வகுப்பில் எனாமல் தொட்டியில் ஒரு ஆண் குழந்தை. இரண்டு மாதம் இருக்கும். ஒரு பெண் தண்ணீர் ஊற்ற, மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாய் சம்மதம் எங்கே?"

"இருக்குங்க ஐயா." அமிர்தவள்ளி மேஜை இழுப்பறையில் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள்.

அதற்குள் குழந்தைக்குப் பசி வந்து வீறிட்டது.

ஐந்து பெண்கள் குழந்தையைப் பார்த்தார்கள். செண்பகம் என்ற ஆறாவது பெண் மட்டும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். திரும்புவதற்குள் காசிநாதன் பார்த்துவிட்டார். அவளுடைய வெள்ளை ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

காசிநாதன் நான்கு பிள்ளை பெற்றவர்.

'கைக்குழந்தை உள்ள பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.' பள்ளிக்கூட விதிகளில் ஒன்பதாவது. எழுதியவர் அவரேதான்.

அமிர்தவள்ளி தேடுவதை நிறுத்தினாள். "ஐயா, நுழைவுப் பரீட்சையில அவதான் முதல் மார்க்கு. புருஷன் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காம விட்டுட்டுப் போய்ட்டான். திருப்பி அனுப்பினா ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்ல. தப்பு என்னுதுதான். அவளை..."

காசிநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அதைக் கேக்கல. ராத்திரி இந்தக் குழந்தை எங்கே தூங்குது?"

"வெளியில... சமையல்கார முனியம்மா வீட்லங்க."

"பாடத்திட்டத்தைக் கொண்டாங்க."

அமிர்தவள்ளி நகலை நீட்டினாள். செண்பகம் சுவரை விட்டுத் திரும்பவே இல்லை.

காசிநாதன் நாற்பத்தொன்றாவது பாடத்தைப் பிரித்தார். பேனாவைத் திறந்து 'காலை ஆறு முதல் மாலை ஆறு வரை' என்பதை ஒரே கோடாக அடித்தார்.

"நாலு பிள்ளை வளர்த்தவன் சொல்றேன், நர்ஸம்மா. குழந்தைங்க ராத்திரியிலதான் ஜாஸ்தி அழும். அதைக் கத்துக்குடுக்காம என்ன பாடம் இது?"

அடித்த இடத்துக்கு மேலே, தம் மணி மணியான எழுத்தில் எழுதினார்: 'இரவும் பகலும், மாணவியர் விடுதியில்.'