பத்து லட்சம் பேர் பார்த்த குப்பை

தையல்காரரின் சகலை போட்ட வீடியோவைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ரயில் நிலையம் முழுக்கக் குப்பை. "நம்ம நாட்டு ஜனங்க திருந்தவே மாட்டாங்க!" என்று சகலையின் குரல். 'அந்த நாடே அப்படித்தான்' என்று வெளிநாட்டுக்காரர்கள் கீழே காறித் துப்பியிருந்தார்கள்.

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. தானும் ஒரு வீடியோ எடுக்கப் போனோடு அதே நிலையத்துக்கு ஓடினார். மூலைமுடுக்கெல்லாம் தேடியும் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியிடம் கத்தினார்.

"நம்ம குப்பை மூட்டையை எடு, சீக்கிரம்!"

"அதையா? அக்கா வீட்டுக்காரரு முந்தாநாளே கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே."

வீடியோவை மறுபடி ஓடவிட்டார். நடைமேடை எங்கும் அவர் வெட்டிப்போட்ட பச்சைத் துணித் துணுக்குகள்.

"அடப்பாவி! குப்பை என்னுது, பேரு அவனுக்கா?"