ஹாலாஸ்யத்தின் சிவப்புப் பெயிண்ட்

வெங்கட்ரமணன் உட்காருவதற்காகக் குனிந்தார்.

பெண் பார்க்க வந்தவர் உட்காரத்தான் செய்வார். ஆனால் கனத்த சரீரம். கூடத்தில் போட்டிருந்த தேக்கு நாற்காலிக்குப் போய்ச் சேர அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் இந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

வீட்டுக்காரர் ஹாலாஸ்யம் மதுரையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் சாமான் கிடங்குக் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். மனுஷருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

ஆபீஸில் உடைந்தது, ஓட்டையானது, இனி உதவாதது எதுவோ அதைத் துரை ‘கண்டெம்டு’ என்பார். துரையின் வாயில் கொழுத்திருந்த அந்தச் சொல், குமாஸ்தாக்களிடம் வந்ததும் ‘கண்டம்’ என்று இளைத்துவிட்டது. கண்டம் ஆன சாமானின் அடியில் சிவப்புப் பெயிண்டால் அப்படியே எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் போடுவார்கள்.

எழுதுகிற பிரஷ் ஹாலாஸ்யத்தின் கையில்.

அகராதியில் என்ன போட்டிருந்தாலும் சரி, அவர் எழுதினால் அந்தச் சொல்லுக்கு ‘வீட்டுக்கு வருகிறது’ என்று பொருள்.

கிண்ணென்று இருக்கிற சாமானாகப் பார்த்துக் கண்டம் எழுதுவார். ஏலத்தில் அவருடைய மைத்துனர் மட்டும் கேட்பார். மற்ற குமாஸ்தாக்களுக்கும் மைத்துனர்கள் இருந்தார்கள். அவரவர் முறை வரும்போது அவரவர் கேட்டுக்கொள்வார்கள். நிஜமாகவே உடைந்தவை மட்டும் அடியில் ஒரு எழுத்தும் இல்லாமல், நல்ல சாமான் என்ற பெயரோடு ஆபீஸிலேயே கிடக்கும்.

அதனால் இந்தக் கூடத்துச் சுவர்க்கடிகாரம் நிமிஷம் பிசகாமல் ஓடியது. முதுகில் கண்டம். மேஜை ஆடவில்லை. அடியில் கண்டம். ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் கீறல் இல்லாமல் விறைப்பாக நின்றார். திருப்பிப் பார்த்தால் அவருக்கும் அதே கதி.

ஹாலாஸ்யத்தின் பெண் பட்டுவுக்கு வயது பதினேழு. வெங்கட்ரமணனுக்கு நாற்பதுக்கு மேல், இரண்டாம் தாரம். மூத்தாள் பெற்ற பெண்ணுக்குப் பட்டுவின் வயது. கோச்சடையில் வீடும் தோப்பும் இருக்கிறது, வரதட்சிணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் ஹாலாஸ்யம் எதையும் விசாரிக்கவில்லை.

பட்டு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். அவள் அழுதது தெருக்கோடிவரை கேட்டது. தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்த ஹாலாஸ்யத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

இன்று காலையில் தானாகவே எழுந்து முகம் கழுவினாள். கூடத்தைப் பெருக்கினாள். ஒத்தாசைக்கு ஆபீஸ் பியூன் பேயாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டாள். நாற்காலிகளுக்கெல்லாம் கிளி போட்ட உறை மாட்டினாள். மாப்பிள்ளை நாற்காலிக்கு மட்டும் தரையைத் தொடுகிற உறை.

பெண் மனசு மாறிவிட்டது என்று ஹாலாஸ்யம் அங்கவஸ்திரத்தால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

இதோ, வெங்கட்ரமணன் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நாற்காலியின் கால் போனது. அப்புறம் முதுகு போனது. அப்புறம் வெங்கட்ரமணன் போனார். குடுமி அவிழ்ந்து, சக்கரவர்த்தியைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார்.

மாப்பிள்ளையின் தாயாருக்கு இந்தச் சகுனமே போதும். எழுந்துபோய் வண்டியைப் பூட்டச் சொன்னார். வந்தவர்கள் போனார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் அப்படியே இருந்தன.

ஹாலாஸ்யத்துக்கு நம்ப முடியவில்லை. அவர் வீட்டு நாற்காலி. அவர் கையாலேயே கண்டம் எழுதிய நாற்காலி. யானை உட்கார்ந்தாலும் அசையக்கூடாது.

உறையை உருவிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார்.

அடிப்பலகையில் சிவப்பே இல்லை.

பிளந்த காலில் சணல் சுற்றியிருந்தது. அந்தச் சணலை அவருக்குத் தெரியும். வீட்டு நாற்காலியும் ஆபீஸில் கிடந்த இதுவும் ஒரே தச்சன் செய்த ஜோடி. போன மாதம் துரைக்கு முன்னால் இதைத் தட்டிக் காட்டி, நல்ல நிலையில் இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான்.

திரும்பிப் பேயாண்டியைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

“பட்டும்மாதான் இதத் தூக்கியாரச் சொன்னாக, சாமி.”

உள் வாசலில் பட்டு நின்றாள். ஒரு கையில் பஜ்ஜி, வாயில் இன்னொன்று. அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

“அதுல கண்டம்னு எழுதலையேப்பா. நன்னா இருக்கற நாற்காலின்னுன்னா நெனச்சேன்.”