ஓர் எழுத்துப் பிழை

"நாலே வரிதான் பொன்மணி. என் மானத்தை வாங்கிராத" என்று தாளைக் கொடுத்து அனுப்பினான் மாதவன்.

பொன்மணி கோவில்பட்டிப் பஞ்சாலைத் தொழிலாளி. நாற்பத்திரண்டு வயதில், மூத்தோர் தடகளப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் ஓடி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள். ஆண்டு விழாவில் அவளுக்குப் பாராட்டு. முதலாளி வடநாட்டுக்காரர். அதனால் நன்றியுரையை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தான் ஆபீசர் மாதவன்.

கழுத்தில் பதக்கத்தோடு மைக் முன்னால் நின்றாள்.

"ஐ தேங்க் ஆல் ஹூ ஜியர்டு மீ."

முன்வரிசை ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். மாதவன் பதறிப்போய் மேடையேறினான்.

"ஜியர் இல்லம்மா, சியர். சியர்னா உற்சாகப்படுத்துறது. ஜியர்னா நக்கலடிச்சுக் கூச்சல் போடுறது."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. சிரிப்பு இன்னும் பெருத்தது.

"தெரியும் சார். மகதான் ரெண்டுக்கும் அர்த்தம் சொன்னா. நான்தான் மாத்துனேன்" என்றாள் பொன்மணி.

தாளை மடித்துவிட்டுத் தமிழிலேயே தொடர்ந்தாள்.

"ரெண்டு வருசமா விடியக்காலம் கரிசக்காட்டு ரோட்டுல ஓடுதேன். புருசன் விரட்டுதானான்னு கேட்டாக. கிழவிக்கு என்ன கேடுன்னாக. ஒருத்தர்கூட சியர் பண்ணல. அந்தச் சிரிப்புச் சத்தம் காதுல விழாத தூரத்துக்குப் போயிரணும்னுதான் வேகமா ஓடிப் பழகுனேன். அப்ப நன்றியை அவியளுக்குத்தான சொல்லணும்?"

பெண் தொழிலாளர்கள் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். முன்வரிசையும் வேறு வழியில்லாமல் எழுந்தது.

முதலாளி மாதவனைப் பார்த்தார். அவள் சொன்னதை அவன் வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்லவேண்டியிருந்தது. கேட்டு முடித்த முதலாளியும் எழுந்து கைதட்டினார்.

"அப்படிக் கேலி செய்தது யாராம்? நம் ஆட்களா? பெயரைக் கேளுங்கள்" என்றார்.

மாதவன் கேட்டான்.

பொன்மணி அவனை ஒரு கணம் நேராகப் பார்த்தாள்.

"பேரெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க சார். இன்னைக்கு அவியளும் சேந்துதான கைதட்டுதாக."

அதையும் மொழிபெயர்த்துச் சொன்னான் மாதவன், அவள் ஓடத் தொடங்கிய முதல் நாளில் பைக்கை நிறுத்தி, "புருசன் விரட்டுதானா பொன்மணி?" என்று கேட்டுச் சிரித்தவன்.