ஒரு குடம் தண்ணீர்

பரளச்சியில் ராக்கம்மாள் வீட்டுக்கு வயரிங் செய்தவர் ஏசுவடியான். கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காக வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்தெட்டாம் வருசக் கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. குழிக்கு ஊற்றுவது நின்றது. சித்திரையில் ராக்கம்மாளின் புருஷன் தங்கபாண்டி டேபிள் ஃபேனை நகர்த்தப் போய், கரண்டு அடித்துச் செத்தான்.

கருகிய பிளக் பாயின்ட்டை மாற்ற வைகாசியில் ஏசுவடியான் வந்தார். கொல்லை மண் முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. குழி மட்டும் சேறாக இருந்தது.

"இப்பத்தேன் ஒழுங்கா ஊத்துறீக போல."

"நான் எங்க ஊத்துனேன்? தெனம் விடியக்காலையில குழிகிட்ட கொடத்த எறக்கி வைக்கிற சத்தம் கேக்குது. அவுகதேன். நான் எந்திரிச்சுப் பாக்குறதில்ல." ராக்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். "அப்பவே நான் ஊத்தியிருந்தா அவுக இருந்திருப்பாக."

ஏசுவடியான் சேற்றைக் கிளறினார். வீட்டிலிருந்து வந்த எர்த் கம்பி பைப்பில் சேரவே இல்லை. நாளைக்கு வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று குழி தோண்டிய அன்றைக்கு அவர் மண்ணைத் தள்ளி மூடிய கம்பி. இப்போது முறுக்கி மூடினார்.

"ஏதும் கோளாறா?"

"இல்ல. எல்லாம் சரியாத்தேன் இருக்கு."

மறுநாள் விடியக்காலையில், பாளையம்பட்டியில் ஏசுவடியான் வீட்டுக்குப் பின்னால், குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அவரும் எழுந்து பார்க்கவில்லை.