நீயே எடுத்துட்டுப் போ

கார் சாவியைச் சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே அவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்கு வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போங்க."

இரண்டு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேண்டியதை மகளை விட்டுக் கேட்டுக்கொண்டார்கள். வேண்டாததைக் கதவை அறைந்து சொன்னார்கள்.

நேற்று மாலை சிக்னலில் அவள் பிரேக்கை மிதித்தாள். சேற்றில் கால் வைத்தது போலப் பெடல் மெல்ல உள்ளே போனது.

நல்ல பெடல் பாதி வழியிலேயே காலை எதிர்த்து நிற்கும். காலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஆயில் எங்கேயோ கசிகிறது என்று அவளுக்குப் புரிந்தது. விட்டுவிட்டு மிதித்தாள். கடைசியில் கை பிரேக்கை இழுத்து, லாரியின் முதுகுக்கு ஒரு முழம் இருக்கையில் நிறுத்தினாள்.

வீடு மேட்டில் இருந்ததால் முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறி வந்துவிட்டாள். ஆனால் காலையில் இறங்க வேண்டுமே. தெரு முழுக்க ஒரே இறக்கம். அடியில் பெரிய சாலை.

உள்ளே நுழைந்ததும் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"வந்துட்டாங்க மகாராணி" என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொல்லவில்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

இப்போது அவன் சாவியைத் தொடவில்லை. விரல் நுனியால் திருப்பித் தள்ளினான்.

"எனக்கு பஸ்ஸே போதும். நீயே எடுத்துட்டுப் போ."

"உங்களுக்குத்தான் தூரம்."

"பரவால்ல. உனக்கு வெயில் ஒத்துக்காது."

சாவி அங்கும் இங்கும் நகர்ந்தது. வெளியாள் யாராவது பார்த்திருந்தால் கண் பட்டிருக்கும், அப்படி விட்டுக்கொடுத்தார்கள்.

மகள் புத்தகப் பையோடு வந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"யாராவது ஒருத்தர் சீக்கிரம் வாங்க. என்னை ஸ்கூல்ல இறக்கி விடுங்க."

வாசலில் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிட வேண்டியதுதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அதுல ஏறாதம்மா. பிரேக் பிடிக்காது."